தாடிச்சாமி கோயில் வெயில்

அன்புள்ள மைனிக்கு,

முதலில் பிள்ளைகள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நலம் விசாரித்தால் உனக்குப் பிடிக்காது. கடிதம் படித்துக் காட்டுகிறவர்களை நிறுத்தி, "அது கெடக்கட்டும், புள்ளைய என்ன படிக்கு, அதை மொதல்ல வாசிங்க" என்பாயாம்.

மூத்தவனுடைய மகன் ஆடிட்டர் பரீட்சை பாஸ் பண்ணி, செம்பூரில் சொந்தமாக ஆபீஸ் போட்டுவிட்டான். வாசலில் பித்தளைப் பலகையில் அவன் பேர் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் முந்தானையால் அதை ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அவன் தம்பி புனாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், ஜப்பான் போய்வந்துவிட்டான். மகள் வயிற்றுப் பேத்தி வக்கீல். ஹைகோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கிறாள். அவள் வாயைத் திறந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறாராம், அவள் அப்பா சொல்கிறார். கொள்ளுப் பேரன் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் தபால்காரனாக நின்று முதல் பரிசு வாங்கினான். கடைசிப் பேத்தி மீனா, சின்னவன் மகள், ஜார்ஜியா என்ற தேசத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். பனி பெய்கிற தேசம். நம் குடும்பத்தில் முதல் டாக்டர் ஒரு பெண்பிள்ளை. இதை நான் காய்கறிக்காரனிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

இத்தனை பேர் படித்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் தமிழ் எழுத்துக் கூட்ட வராது. பம்பாயை அடுத்த கோபர்கைரனேயில் இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அஞ்சாங் கிளாஸோடு நின்ற நான்தான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் மீனா போனில் ஒரு போட்டோ அனுப்பினாள். மலைமேல் ஒரு பழைய கோயில். யாரும் பூசை வைப்பதில்லையாம். வாசலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. உள்ளே சுவரெல்லாம் தாடி வைத்த சாமிகள், பெரிய பெரிய கண்களோடு. கூரை உச்சியில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெயில் இறங்கித் தரையில் சதுரமாக விழுந்திருக்கிறது. அந்தச் சதுரத்தின் நடுவில் என் பேத்தி கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். "ஆர்த்தடாக்ஸ் சர்ச் ஆச்சி, எவ்ளோ ஓல்டு தெரியுமா!" என்று பேசியும் அனுப்பியிருந்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை மைனி. அந்த வெயிலைத்தான் பார்த்தேன். பார்த்ததும் மனசில் ஓடியது என்ன தெரியுமா? 'இன்னும் கொஞ்ச நேரத்தில் இது தூண் பக்கம் நகர்ந்துவிடும், துணியை எடுத்து மாற்றிப் போடணும்.' அவ்வளவுதான். உடனே முகமெல்லாம் சுட்டது. போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, "மீனா போட்டோவா அத்தை? காட்டுங்க" என்றாள். "அப்புறம் காட்டுதேன்" என்று தலையணையை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டேன். இத்தனை வயதுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு வெட்கம்.

உன்னை நான் 'நீ' என்று எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாய். அண்ணன் பெண்டாட்டியை வீட்டில் 'நீங்க' என்றுதான் சொன்னேன், கடைசிவரைக்கும். அந்தக் கோயிலுக்குள் மட்டும்தான் 'நீ'. நீ சொல்லித்தான். "இங்கன நம்ம ரெண்டு பேருதானட்டி. நீங்க நாங்கன்னு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு, நீன்னே சொல்லு." நான் இப்போது அந்தக் கோயிலுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

தாராவியில் நமக்கு அப்போது ஒரே அறை. அப்பா தோல் கிடங்கு வேலைக்குப் போவார். அண்ணன் உன்னைக் கட்டிக் கூட்டிவந்த கொஞ்ச நாளில் உலகச் சண்டைக்காலக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். போனவன் போனவன்தான், தகவலே இல்லை. அந்த வருஷ வெயில் காலத்தில்தான் துறைமுகத்தில் கப்பல் வெடித்து ஊரே அதிர்ந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் விளக்கேற்றி அண்ணன் பேரைச் சொல்லிக் கும்பிடுவாள். நீ அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாய்.

வடாலா உப்பளத்துப் பக்கம் அந்தக் கோயில் இருந்தது. கிரேக்கக் கப்பல்காரர்கள் கட்டியது என்பார்கள் சிலர். இல்லை, மலையாளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் கட்டியது என்பார்கள் சிலர். சுவரெல்லாம் தாடி வைத்த சாமிகளை வரைந்திருந்ததால் நமக்கு அது தாடிச்சாமி கோயில். கப்பல் வெடித்த அன்று அதன் கண்ணாடியெல்லாம் நொறுங்கி, நடுக்கூரையில் ஓட்டை விழுந்தது. அதன்பிறகு கறுப்பு அங்கிச் சாமியார் வருவது நின்றுவிட்டது. கதவு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பேய் உலாவுகிறது என்று சொல்லி ஜனங்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். விறகுக்குச் சுள்ளி பொறுக்க நீயும் நானும்தான் போவோம். நமக்கு விறகு இல்லாத பயத்துக்கு முன்னால் பேய் எம்மாத்திரம்.

அது மார்கழி. பம்பாயில் குளிர் என்று சொன்னால் இப்போது மீனா சிரிப்பாள். ஆனால் உப்பளத்திலிருந்து காலையில் மூட்டம் எழுந்து வரும், முன்னால் போகிறவளின் முதுகு தெரியாது. அப்படி ஒரு காலையில், நீ பின்னால் வந்துகொண்டிருந்தவள் சட்டென்று என் தோளைப் பிடித்து நிறுத்தினாய். உன் முந்தானையை அவிழ்த்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தபடி, அந்தச் சாய்ந்த கதவு வழியாக என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனாய்.

எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. எங்கேயோ அடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். நீ என் பாவாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"சமைஞ்சிட்டியே பாவிமவளே. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக்கூடாதா?"

நான் அழ ஆரம்பித்தேன். அது ஏன் என்று உனக்குத் தெரியும். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஒத்துக்கொண்டதே, "ஆளாகுற வரைக்கும் போகட்டும்" என்ற ஒரே பேச்சின்பேரில்தான். அஞ்சாங் கிளாஸ் முடித்தால் மாட்டுங்காவில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், இவள் நன்றாகப் படிக்கிறாள் என்று டீச்சரம்மா வீட்டுக்கே வந்து சொல்லியிருந்தார். ஆளாகிவிட்டால் அது கிடையாது. தாய்மாமன் ஓலை கொண்டுவந்து, என்னைத் தனியே உட்கார வைக்கக் குச்சில் கட்டுவார், சடங்கு நடக்கும், அப்புறம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். உனக்கு அப்படித்தான் நடந்தது. குச்சில் ஓலை காயும் முன்னே கல்யாண மாலை போட்டுவிட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

நீ மேலே கூரை ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மூட்டம் விலகி வெயில் அப்போதுதான் அதன் வழியாக இறங்க ஆரம்பித்தது. ஒரு தாம்பாளம் அளவு வெளிச்சம் தரையில் விழுந்தது. அதில் தூசி மெதுவாகச் சுற்றியது. பீடத்தை மறைத்து நின்ற இற்றுப்போன மரத் திரையிலிருந்து பழைய சாம்பிராணி வாசம் வந்தது. பூசை நின்று அத்தனை மாசமாகியும் அந்த வாசம் மட்டும் போகவில்லை. ஈரக் குளிரில் அது இன்னும் கூடுதலாக வரும்.

"யார்ட்டயும் சொல்லாண்டாம்" என்றாய். "பரீட்சை முடியட்டும். பெரிய பள்ளிக்கூடத்துல பேரு எழுதட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

"அம்மைக்குத் தெரிஞ்சா?"

"என்னைக் கொல்லுவாவ. கொல்லட்டும். ஒருதடவதான கொல்ல முடியும்."

நம் வீட்டில் அந்த நாட்களுக்குத் 'தூரம்' என்று பேர். ஒரே அறையில் தூரத்துக்கு எங்கே போவது? சாக்கைக் கட்டி மறைத்த மூலையில் அம்மாவும் நீயும் உங்கள் முறைக்கு உட்காருவீர்கள். உன் தேதி அம்மாவுக்கு மனப்பாடம். உன் துணியோடு என் துணியைக் காயப்போட்டால் கணக்கு இடிக்கும். ஆகவே என் துணிக்கு வேறு இடம் வேண்டியிருந்தது. நீ தாடிச்சாமி கோயிலைத் தேர்ந்தெடுத்தாய்.

எழுதும்போது கை கூசுகிறது. ஒரு சாமி இருந்த வீட்டில், என் தீட்டுத் துணியைக் காயப்போட்டோம். பின்னால் இருந்த கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் அலசிய துணி காய்ந்தால் அட்டை மாதிரி விறைக்கும். நீ உன் பழைய சேலையைக் கிழித்துத் தந்த துண்டுகள், ஓரத்தில் பச்சைக் கரை. முதலில் சுள்ளிக் கட்டாலேயே தரையைப் பெருக்குவாய். பிறகு வெயில் விழுகிற சதுரத்தில் துண்டுகளை விரிப்பாய். விரித்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "தப்பா எடுத்துக்கிடாதீரும் சாமி. ஏழை வீட்டுப் புள்ள. கொஞ்சம் வெயிலு குடும், அவ்வளவுதான்" என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்பதுபோல் கேட்பாய்.

வெயில் நிற்காது. அதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது தெரியாது. வேறு பேச்சுப் பேசித் திரும்பினால் துணியின் ஒரு ஓரம் நிழலில் கிடக்கும். கூரையிலிருந்து இறங்குகிற வெயில் முதலில் நடுவில் விழுந்து, தூணின் அடிக்கு நகர்ந்து, மரத் திரையின்மேல் ஏறும். பக்கத்துச் சன்னலில் உடையாமல் மிஞ்சிய கண்ணாடித் துண்டு ஒன்று நீலம். அதன் வழியாக வந்த வெளிச்சம் சில நேரம் துணியின்மேல் விழும். நீலத் துணியாகிவிடும். அது எதுக்கென்று கிழித்த துணி என்பதே மறந்துபோகும். நாம் இரண்டு பேரும் குத்தவைத்து, வெயில் நகர நகர அதன் பின்னாலேயே துணியை இழுத்துக்கொண்டு போவோம்.

சுவரில் இருந்த சாமிகளின் கண்தான் எனக்குத் தாங்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிற கண். தலைக்குப் பின்னால் தங்கத் தட்டு மாதிரி ஒரு வட்டம், அதன் நடுவில் நீளமான முகம், சிரிக்காத வாய்.

"மைனி, அவரு பாக்காரு."

"பாக்கட்டும்."

"எனக்கு வெக்கமா இருக்கு மைனி. ஆம்பளச் சாமி."

நீ திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாய். "ஏட்டி, அவரை மட்டும் யாரு பெத்தா? தாடியோடயா வானத்துலருந்து விழுந்தாரு? அவரோட அம்மையும் எங்கயாவது ஒரு மூலையில இதைக் காயப்போட்டிருப்பா. அவருக்கு எல்லாம் தெரியும். நீ துணிய இழுத்துப் போடு, நெழலு வந்துட்டு."

நான் சிரித்த சத்தம் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. அதுவும் ஒரு பயம், வாயைப் பொத்திக்கொண்டேன். நீயும் உன் கையை என் கைமேல் வைத்துப் பொத்தினாய்.

அப்புறம் அந்த ஆணி. நான் எழுத வந்தது அதைத்தான். இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

எல்லாச் சாத்திரத்தையும் உடைத்தவள் நீ. தீட்டுக்காரியை அடுப்புத் தொடவிட்டாய், தண்ணீர்க் குடம் தூக்கவிட்டாய், விளக்குத் திரி போடவிட்டாய். ஆனால் ஒன்றை மட்டும் உன்னால் விட முடியவில்லை. ஊரில் புதிதாகச் சமைந்த பெண் இரும்பு இல்லாமல் வெளியே போகமாட்டாள். காற்றுக் கருப்பு அண்டிவிடும். இதுவோ பாழடைந்த கோயில், பேய் உலாவும் என்று பேர் வாங்கிய இடம். நீ அந்தச் சாய்ந்த கதவிலிருந்து ஒரு ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாய். கையால் அடித்த பழைய ஆணி, தலை சதுரமாக, துருவேறி. அதை என் பாவாடை நாடாவில் வைத்து முடிந்துவிட்டாய்.

"இது இருந்தா ஒண்ணும் பக்கத்துல வராது. குளிக்கையிலயும் கழத்தாண்டாம்."

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது அந்த ஆணி இடுப்பில் குத்தும். குத்தும்போதெல்லாம் உன் நினைவு வரும். தை போயிற்று, மாசி போயிற்று. ஒவ்வொரு முறையும் வெயில் கொஞ்சம் இடம் மாறி விழுந்தது. குளிர் குறைந்தது. பரீட்சை எழுதினேன். முதலாவதாக வந்தேன். பெரிய பள்ளிக்கூடத்தில் பேர் எழுத அம்மாவை அழைத்துவரும்படி டீச்சரம்மா சொல்லியனுப்பினார்.

அம்மா ஒத்துக்கொண்டு நல்ல சேலை கட்டினாள். அன்று போய் வந்திருந்தால் முடிந்திருக்கும். எதிர்த்த வீட்டுச் சித்தி, துணைக்கு வருகிறேன் என்று வாசலில் நின்றாள். எனக்கு அம்மா தலை பின்னிவிட்டு, "பாவாடை இறங்கிக் கெடக்கு பாரு, இழுத்துக் கட்டு" என்றாள். நான் அவசரத்தில் நாடாவை அவிழ்த்தேன்.

ஆணி கல்தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்கிறேன். சின்னச் சத்தம்தான், டிங் என்று.

வேறு ஊர் அம்மாவாக இருந்தால், 'இது என்ன குப்பை' என்று கேட்டு வெளியே எறிந்திருப்பாள். டீச்சரம்மா கையில் கிடைத்திருந்தால், 'பாவாடையில் ஆணியா, குத்திவிடும்' என்றிருப்பார். நம் அம்மா திருநெல்வேலிக்காரி. இடுப்பில் இரும்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குனிந்து எடுத்தாள். ஆணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எப்பட்டி?" என்றாள். 'எதுக்கு' என்று கேட்கவில்லை. 'எப்போ' என்றுதான் கேட்டாள்.

நீ அடுப்படியிலிருந்து எழுந்து வந்து நடுவில் நின்றாய். "நாந்தான் அத்தை முடிஞ்சு விட்டேன். மார்கழியில."

"மார்கழியிலயா!" சித்தி வாசல்படியிலிருந்து இரண்டடி பின்னால் போனாள். "யம்மா, மார்கழியிலருந்து இவ கையால எங்க வீட்டுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தாளே! ஏளா, ஒரு வார்த்தை சொல்லப்படாதா நீ?"

அம்மா சித்தியைப் பார்க்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கையாலதான வெளக்குத் திரி போட்டா? அந்த வெளக்கு முன்னாலதான நான் எம்பிள்ளைக்கு வேண்டிக்கிட்டேன்?" குரல் உயரவே இல்லை. "இப்பம் தெரியுது, அவன் தகவல் ஏன் வரலன்னு."

கடலில் போன உன் புருஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நீதான் காரணம் என்று, எதிர்த்த வீட்டுக்காரி கேட்க, ஒரு தாய் சொல்லிவிட்டாள். நீ அந்த இடத்திலேயே உட்கார்ந்தாய். நான் ஒரு எட்டு வைத்து உன் பக்கத்தில் வந்தேன். "தொடாதட்டி அவள" என்றாள் அம்மா. அவளுக்குத் தீட்டு என் பக்கமா, உன் பக்கமா என்பதே அந்த நேரம் மாறிவிட்டது.

பள்ளிக்கூடம் அன்றோடு போயிற்று. தாய்மாமன் வந்தார், ஓலை வந்தது, சந்துக்குள்ளேயே குச்சில் கட்டினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று முதல் குடம் மைனிக்கு உரிமை. உன்னைக் கூப்பிடவில்லை. சித்தி ஊற்றினாள். நீ குழாயடிப் பக்கம் சுவரோரம் நின்றாய். எனக்குக் கண்ணெல்லாம் மஞ்சள் தண்ணீர். அப்புறம் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மாட்டுங்காவில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இப்போதும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகள், "ஆச்சி, ஹீரோயின் மாதிரி இருக்கீங்க" என்கிறார்கள். அதில் நான் கொஞ்சம் சிரித்தமாதிரி இருக்கும். பட்டு அவ்வளவு நன்றாக இருந்தது மைனி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். தூசி துடைக்கிற சாக்கில் அதன் முன்னால் நின்று மறைப்பேன்.

அந்த வாரமே ஊருக்குப் போகிற யாருடனோ உன்னை ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் சண்டை முடிந்து திரும்பி வந்தான், கை கால் நன்றாக. வந்தவன் நேரே ஊருக்குப் போய் உன்னோடு அங்கேயே இருந்துவிட்டான். அம்மா சொன்னது தப்பு என்று ஆயிற்று. ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

கடைசியாகக் காயப்போட்ட துணியை நாம் எடுக்கவில்லை, தெரியுமா? கல்யாணத்துக்கு முன் ஒருநாள் வழி தவறினமாதிரி அந்தப் பக்கம் போனேன். உள்ளே போகத் துணியவில்லை. சாய்ந்த கதவு இடுக்கில் பார்த்தேன். பச்சைக் கரைத் துண்டு தரையில் விறைத்துக் கிடந்தது. வெயில் அதை விட்டு எங்கேயோ தள்ளிப் போயிருந்தது. கொஞ்ச வருஷத்தில் கோயிலை இடித்துக் கட்டடம் கட்டினார்கள். இடித்தவர்கள் யாரோ அதை எடுத்துப் பார்த்திருப்பார்கள். இன்றைக்கு வரைக்கும் நான் அதை நினைத்தால் தலை குனிகிறது.

ஊருக்கு வரும்போதெல்லாம் உன்னைப் பார்ப்பேன். நீ ஒரு குறையும் சொன்னதில்லை. கிளம்பும்போது பஸ்ஸுக்கு வெளியே நின்று, "ஏட்டி, புள்ளைய புதுப் போட்டோ ஒண்ணு எடுத்துத் தபால்ல போடு" என்பாய். நானும் போட்டேன். பட்டம் வாங்கின போட்டோ, கோட்டுப் போட்ட போட்டோ. உன் வீட்டுச் சுவர் முழுக்க என் பிள்ளைகள்தான். உன் போட்டோ ஒன்று என்னிடம் இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியாக வந்தபோது நீ படுக்கையில் இருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தமில்லாமல், "அந்த ஆணியக் குடுத்திருக்கப்படாது" என்றாய். "நான் பயந்துட்டேன்ட்டி. சின்னப் புள்ள, பாழுங் கோயிலு. ஏதாவது அண்டிருச்சின்னா என்ன செய்வேன்? அதான் உன் படிப்பக் கெடுத்துட்டு."

அத்தனை வருஷமும் நீ அதைச் சுமந்திருக்கிறாய். நான் என்ன செய்தேன்? "அதெல்லாம் எதுக்கு மைனி இப்பம், மூத்தவன் மகன் காலேஜ்ல மொத மார்க்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு; அடுத்த மாசமே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

மீனாவுக்கு எதிலும் கூச்சம் கிடையாது. கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்க, "பப்பா, நீங்க கீழ போறப்ப எனக்குப் பேடு வாங்கிட்டு வாங்க" என்பாள். என் மகனும் தலை நிமிராமல், "எந்தக் கம்பெனி?" என்று கேட்பான். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். பால்கனியில் நின்று கொஞ்சம் பெருமையும் படுவேன்; அதை யாரிடமும் சொல்லமாட்டேன். அங்கே கொடியில் என் உள்பாவாடை இன்றைக்கும் ஒரு துண்டுக்கு அடியில்தான் காய்கிறது.

அவள் ஜார்ஜியாவுக்குப் புறப்பட்ட அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரும் பெட்டியை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பழைய கட்டிலிலிருந்து ஒரு ஆணியைக் கழற்றி, துணியில் சுற்றி, அவள் தோள்பையில் அடியில் வைத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. தெரியாத தேசம், சின்னப் பிள்ளை. ராத்திரி ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தது.

"ஆச்சி! என் பேக்ல ஆணி வச்சது நீங்களா? செக்யூரிட்டில என்னைத் தனியா நிக்க வச்சுட்டாங்க. 'யே கீல் கிஸ்லியே', ஆணி எதுக்குன்னு அந்த அங்கிள் கேக்கறாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல!"

வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகன், "அம்மா, பிளைட்ல என்ன அலமாரியா செய்யப் போறா?" என்றான். நானும் சிரித்தமாதிரி இருந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் ஆணியால் பிடிபட்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் விமானம் ஏறிவிட்டாள். உன் ஆணியால் பிடிபட்டு நான் நின்றேன், நின்றபடியே நின்றுவிட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான். ஆணி ஒன்றுதான் மைனி. உன்னோடதும் என்னோடதும் ஒரே பயம். அதை உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் நான் மார்க்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிப்பு போனது எனக்கு வருத்தம்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குளிர்கால வெயிலைத் தள்ளித் தள்ளிப் பிடித்த நாட்களை எடுத்துவிட்டுப் படிப்பைத் தருகிறேன் என்றால் வாங்கமாட்டேன். இப்போதும் எந்த வீட்டுக்குப் போனாலும் வெயில் எங்கே விழுகிறது, அடுத்து எங்கே நகரும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். வடகம் போட்டாலும் ஊறுகாய் ஜாடி வைத்தாலும், கேட்காமலே எழுந்து போய் இழுத்து வைக்கிறேன். மருமகளுக்கு அது ஆச்சரியம். அது நீ கொடுத்தது.

நேற்று அந்தப் போனை எடுத்துத் திரும்பவும் பார்த்தேன். பிறகு மீனாவுக்குப் பேசி அனுப்பினேன்.

"ஏட்டி, அந்தக் கோயிலுக்கு இன்னொருவாட்டி போவியா? புதுப் போட்டோ ஒண்ணு எடு. போன்ல அனுப்பாண்டாம், கடையில குடுத்துப் பெருசாப் போட்டுத் தபால்ல போடு. அதுல நீ நிக்காண்டாம். யாரும் நிக்காண்டாம். தரையில வெயிலு விழுகற இடம் மட்டும் இருந்தாப் போதும்."

அவள் உடனே கேட்டாள், "நான் இல்லாம எதுக்கு ஆச்சி? யாருக்கு?"

வந்ததும் கூடத்தில் பட்டுப்பாவாடைப் போட்டோவுக்குப் பக்கத்தில், உன் போட்டோ இருந்திருக்க வேண்டிய இடத்தில், மாட்டுவதற்கு ஆணி அடித்துவிட்டேன். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தபால் வருவதற்குள் சொல்லிவிடுவேன். சொல்லும்போது எழுந்து பால்கனிக்குப் போகமாட்டேன்.

உன்,
நாத்தனார்